சேர்ந்துவிட்டதாகக் கருதப்படும் கால்

தில்லியில் அந்த எலும்பு மருத்துவமனைக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது ஒரு நீலப் பலகை. 'கால் எலும்பு முறிவு: சேர்ந்தவை நூறு சதவீதம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். 'தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாக' என்று கீழே ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பலகையடியில் நல்ல நிழல் விழும் என்பதால், கால் சேராதவர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜெயராமும் அங்கே உட்கார்ந்தவர்தான். ஐம்பத்தெட்டு வயது, அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. ஜூலை மழையில் பஸ்ஸில் ஏறும்போது கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு இரண்டாக உடைந்தது. எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பியைச் செருகி, அட்மிஷன் படம் ஒன்றும் எடுத்துக்கொண்டு, வாக்கரைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் மனைவி விசாலாக்ஷி அப்போது பெங்களூரில், மகள் மேதாவின் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு ஓடி வந்தவள் இரண்டு மாதம் இருந்தாள். செப்டம்பரில் ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"மேதா தனியாத் திண்டாடறா. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

ஜெயராம் முப்பத்து மூன்று வருடங்களாகக் கோப்புகளில் குறிப்பு எழுதி வருபவர். அந்தக் குறிப்புகளில் 'நான்' என்ற சொல் வரக் கூடாது. 'கருதப்படுகிறது', 'பரிசீலிக்கப்படலாம்', 'தேவை எழவில்லை' என்றுதான் வரவேண்டும். நாளாவட்டத்தில் அவருக்குள்ளேயே அந்த 'நான்' வராமல் போய்விட்டது.

"நீ இருந்தாகணும்னு அவசியம் எழலை," என்றார்.

விசாலாக்ஷி கத்தியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ரசப் பொடி என்று பாட்டில்களில் பெயர் எழுதி ஒட்டி, அவர் கைக்கு எட்டுகிற தட்டில் அடுக்கினாள். நான்காம் நாள் ரயிலேறினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது இரண்டு வேளைதான். காலையில் காய்கறி வண்டிக்காரர் கீழேயிருந்து "பாவ்ஜி!" என்று கத்துவார். ஜெயராம் பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவார். என்ன வேண்டும் என்று அவர் கத்துவது கீழே சரியாகக் கேட்காது. வண்டிக்காரர் தமக்குத் தோன்றியதைப் போட்டு அனுப்புவார். பெரும்பாலும் டர்னிப் கிழங்கு. ஜெயராம் அதையே சமைத்துச் சாப்பிட்டார். இரவு எட்டு மணிக்கு விசாலாக்ஷி போன் செய்வாள்.

"சாப்ட்டேளா?"

"ஆச்சு."

"என்ன பண்ணினேள்?"

"டர்னிப்."

"நேத்தும் அதானே?"

அதற்குள் அங்கே ஒரு குழந்தை அழும். அது அழுவதைக் கேட்டு இன்னொன்று அழும். போனை வைத்துவிட்டு அவர் வாக்கரை நகர்த்திக்கொண்டு போய்ச் சமையலறை விளக்கை அணைப்பார். கூடத்து விளக்கை மட்டும் அணைப்பதில்லை. இரண்டாவது மாடியில் யாரோ இருக்கிறார்கள் என்று எதிர் பிளாக்குக்குத் தெரியட்டுமே.

ஜனவரியில் கடிதம் வந்தது. தங்கள் முறிவு நூற்று எண்பது நாட்களை நிறைவு செய்வதால், விதிப்படி எலும்பு சேர்ந்துவிட்டதாகக் கருதப்படும். மாதாந்திர இணைவு விழாவில் கலந்துகொண்டு சான்றிதழ் பெற்றுக்கொள்ளவும்.

விழா மருத்துவமனைப் புல்வெளியில், குளிர்கால வெயிலில் நடந்தது. பதினோரு பேருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். பதினோரு வாக்கர்களையும் ஊன்றுகோல்களையும் முன்கூட்டியே வாங்கிச் செடிமறைவில் வைத்துவிட்டார்கள். நிர்வாகத் துணை இயக்குநர் ராஜகோபால் இந்தியில் பேசினார். அவர் கும்பகோணத்துக்காரர். ஜெயராமின் பெயரைப் பட்டியலில் பார்த்து மகிழ்ந்து, கீழே இறங்கி வந்து தமிழிலும் அதே உரையைத் தனியாக ஒரு தடவை ஆற்றினார்.

"சார், நம்மகிட்ட சேராத எலும்புன்னு ஒண்ணு கிடையாது. ஏன் தெரியுமா? படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லை! நான் வந்தப்போ இருந்துது. அந்தக் கட்டம் இருந்த வரைக்கும் வருஷா வருஷம் நூத்துல ஆறு பேருக்குச் சேராமலே இருந்துது. டாக்டர்கள்லாம் என்னென்னவோ ஆராய்ச்சி பண்ணிண்டிருந்தா. நான் ஒரே கையெழுத்து. கட்டத்தை எடுத்தேன். ஆறு பேரும் சேர்ந்துட்டா!"

"அச்சா," என்றார் ஜெயராம்.

படம் எடுக்கும் நேரம் வந்தது. வார்டு ஊழியர்கள் இருவர் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அக்குள்களில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள். போட்டோக்காரர், "அங்கிள்ஜி, ஸ்மைல்!" என்றார். ஜெயராம் சிரித்தார்.

அன்று காலையிலும் கால் வலிக்கத்தான் செய்தது. ஆனால் சான்றிதழில் முத்திரை வட்டமாக, ஓர் எழுத்துகூடச் சிதையாமல் விழுந்திருந்தது. இத்தனை வருட வேலையில் அவ்வளவு சுத்தமாக விழுந்த முத்திரை எதையும் அவர் சந்தேகித்தது கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே படத்தை விசாலாக்ஷிக்கு அனுப்பினார்.

"சேர்ந்துடுத்தாமே?" என்று எட்டு மணிக்குக் கேட்டாள்.

"சர்டிபிகேட்டே கொடுத்துட்டா."

"வலி இருக்கா?"

"அதைப் பத்தி அதுல ஒண்ணும் போடலை."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. குழந்தை அழுதது.

கால் சேர்ந்தவர் வாக்கர் வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்று அவருக்கே தோன்றியது. மறுநாள் அதை மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார். பன்னிரண்டாவது படியில் கால், முழங்காலே இல்லாத ஓர் இடத்தில் மடங்கியது. விழுந்தவர் அங்கேயே நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். முதல் மாடி வீட்டில் குக்கர் ஐந்து விசில் அடித்து அடங்கியது. யாரையும் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. காய்கறி வண்டிக்காரர்தான், கத்தியும் பை இறங்காததால் மேலே வந்து பார்த்தார். தோளில் தாங்கி வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டவர், போகும்போது ஒரு டர்னிப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி மருத்துவமனை. பதினான்காம் நம்பர் அறையில் டாக்டர் ஜ்யோத்ஸ்னா எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினாள். மந்திர் மார்க்கில் படித்து வளர்ந்த தில்லிப் பெண். தமிழ் அவளுக்கு வீட்டில் அம்மாவோடு பேசும் அளவுக்கு வரும்.

"அங்கிள், தேக்கியே. இங்கே மேல் பீஸ், இங்கே கீழ் பீஸ். நடுவுல கறுப்பா ஒரு லைன் இருக்கு இல்லே? அது இருக்கக் கூடாது. சேரவே இல்லை."

"சேர்ந்துடுத்துன்னு…" ஜெயராம் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. "ரொம்ப நாள் சேராம இருந்தா, ரெண்டு முனையும் என்ன பண்ணும் தெரியுமா அங்கிள்? மொழுக்குனு மூடிக்கும். பக்கத்துல ஒரு பீஸ் இருக்கிறதையே மறந்துடும். அப்புறம் அதுவா சேராது. திறந்து, ரெண்டு முனையையும் ரத்தம் வர்ற வரைக்கும் சுரண்டணும். இடுப்புலேருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து நடுவுல வெக்கணும். பழைய ராடை எடுத்துட்டு கொஞ்சம் மோட்டாவா, தடியா ஒண்ணு. அப்போ சேரும். வலிக்கும், ஆனா சேரும்."

"எப்போ பண்ணலாம்?"

ஜ்யோத்ஸ்னா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ தட்டினாள். மறுபடி தட்டினாள். "சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது. உங்க கால் சேர்ந்ததுன்னு இருக்கு. சேர்ந்த காலுக்கு ஆபரேஷன் போட்டா லாக் ஆயிடும்." மெல்லிய குரலில், "சாரி அங்கிள்," என்றாள். கம்ப்யூட்டர் தானாகவே அவருக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்தது. சேர்ந்த காலில் வலி உணர்பவர்கள் மனநல ஆலோசகரைப் பார்க்கவும்.

ஆலோசகர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். உங்கள் எலும்பு சேர்ந்துவிட்டது, உங்கள் மனம்தான் இன்னும் சேரவில்லை என்றார். தினம் காலையில் அந்த எலும்புக்கு நன்றி சொல்லச் சொன்னார். ஜெயராம் பத்து நாள் சொன்னார். எந்தத் துண்டுக்குச் சொல்வது என்பதுதான் குழப்பமாக இருந்தது.

மார்ச்சில் மேல்முறையீடு செய்தார். இணைவு மறுபரிசீலனைக் குழு மூன்றாவது மாடியில் கூடும். லிஃப்ட் ஊழியர்களுக்கு மட்டும். மனுதாரர் நேரில் வரவேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி. ஜெயராம் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தார். பிறகு வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் படியில் படிக்கட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் ஊன்றி, நல்ல காலால் உந்தி, உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டாம் படிக்கு ஏறினார். அப்புறம் மூன்றாம் படிக்கு.

கோப்புகளோடு ஏறியும் இறங்கியும் போன ஊழியர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "அங்கிள்ஜி, இங்கே உட்காரக் கூடாது," என்று ஒருவர் சொன்னார். ஐம்பத்து நான்கு படிகள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பேன்ட்டின் பின்புறம் வெள்ளையாகிவிட்டது.

குழு அறையில் ஐந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ராஜகோபால்.

"வாங்கோ, வாங்கோ! மூணாவது மாடிக்கு எப்படி வந்தேள்?"

"படியேறித்தான்."

ராஜகோபால் மற்ற நால்வரையும் பார்த்தார். முகத்தில் அப்படியொரு பெருமை. "பாத்தேளா? ஐம்பத்து நாலு படி! சேராத காலோட எவனாவது ஏறுவானா?"

"நான் உட்கார்ந்துண்டே…"

"எப்படி ஏறினேள்ங்கறது டெக்னிக். ஏறினேள்ங்கறது உண்மை. சார், நீங்க செக்ஷன் ஆபீசர், உங்களுக்குச் சொல்லணுமா? வர முடியாதவர் மனுவை வராததால தள்ளறோம். வந்தவர் மனுவை வந்ததால தள்ளறோம். பாரபட்சமே கிடையாது! ஒன்பது வருஷமா ஒருத்தருக்குக்கூட அநியாயம் நடக்கலை, ஏன்னா ஒரு மனுவைக்கூட நாங்க ஏத்துண்டதில்லை." குரலைத் தாழ்த்தி, நம்மவர் என்ற உரிமையோடு சொன்னார்: "உங்களை ஒத்துண்டா அந்தப் பலகையை என்ன பண்றது? தொண்ணூத்தொன்பது புள்ளி ஏதோன்னு எழுதினா பாக்க நன்னாவா இருக்கும்?"

தள்ளுபடிக் குறிப்பு நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஜெயராமால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தவாறே இறங்கினார். இறங்குவது சுலபமாக இருந்தது. அதுதான் அவருக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

படிக்கட்டின் அடியில் அவருடைய வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். பதினான்காம் அறையின் சீனியர் நர்ஸ் மார்கரெட். நாகர்கோவில்காரி. தில்லிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

"என்ன சார், தள்ளிட்டாவளா?"

தலையாட்டினார்.

"தள்ளாம இருந்தாத்தான் அதிசயம். இங்கன உக்காருங்க. நான் ஒண்ணு சொல்லுதேன், கேப்பியளா? பழைய பைலைத் தூக்கித் தூரப் போடுங்க. புது ஆளா பேர் பதிஞ்சிடுங்க."

"புதுசாவா? அது பொய்யில்லையா?"

"ஏன், நீங்க இடையில எங்கேயும் விழல்லியா?"

"விழுந்தேன். படியில. ஜனவரி இருபத்து மூணாம் தேதி."

"அப்புறம் பொய் எங்க இருக்கு? அந்தத் தேதியைப் போடுங்க. புதுசா விழுந்த கால் சேர்ந்திருக்காதுல்லா? சிஸ்டம் வாயை மூடிட்டு எடுத்துக்கிடும். டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணிருவாவ. நான் இதுவரை பதினேழு பேரை இப்படித்தான் அனுப்பியிருக்கேன்." தன் ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து படிவத்தை எடுத்தாள். "எல்லாம் நான் நிரப்பித் தாரேன். இந்த ஒரு கட்டம் மட்டும் நீங்கதான் செய்யணும். உடன் தங்குபவர். அவுக நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இல்லாம பெட் கிடையாது."

ஜெயராம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். விரல் நீளம்தான் இருந்தது.

"இங்கே யாரும் இல்லையேம்மா."

"வீட்டம்மா?"

"பெங்களூர்ல. இரட்டைக் குழந்தைகள். அவளை இதுக்காக… வரச் சொல்ற அவசியம் எழலை."

"எலும்பு சேரல்லைன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

"சேர்ந்ததா சர்டிபிகேட்…"

"சார்." மார்கரெட் அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "மேல அந்தாளு பேசினதுக்கும் இப்ப நீங்க பேசுறதுக்கும் என்ன வித்தியாசம்? கட்டத்தையே எடுத்துட்டா குறை இல்லைன்னு அவரு நினைக்காரு. நீங்களும் வீட்டுல அதைத்தான செய்யுதிய?"

அவள் படிவத்தை நான்காக மடித்து அவருடைய சட்டைப்பையில் வைத்தாள்.

அன்று மாலை அவர் முதலில் எழுதித்தான் பார்த்தார். 'மேற்படி எலும்பு சேராத நிலையில், தங்கள் வருகை பரிசீலிக்கப்படலாம்.' கிழித்தார். 'வருகை தருவது குறித்துத் தங்கள் கருத்து கோரப்படுகிறது.' கிழித்தார். மூன்றாவது தாளில் 'விசாலம்' என்று எழுதினார். அதற்குமேல் ஓடவில்லை. எட்டு மணி அடித்தது.

"சாப்ட்டேளா?"

"இல்லை."

'ஆச்சு' என்ற வார்த்தைக்குப் பதிலாக வேறொன்று வந்ததில் அவளுக்கு அடுத்த கேள்வி மறந்துபோயிற்று.

"ஏன்னா?"

"பசிக்கலை. விசாலம், கால் சேரலை."

குழந்தை அழுதது. "மேதா, கொஞ்சம் வாங்கிக்கோடி," என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு ஒரு கதவைச் சாத்தும் சத்தம்.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா? எப்படி?"

"நீங்க அனுப்பின போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கழுத்துல மாலை, மூஞ்சில சிரிப்பு, ரெண்டு அக்குள்ளயும் யாரோடவோ கை. நாலு நாலு விரல் தெரியறது. காலு சேர்ந்த மனுஷனை எதுக்குத் தூக்கிப் பிடிக்கணும்?"

"ஜனவரியிலேயே தெரிஞ்சுதா? ஏன் கேக்கலை நீ?"

"நான் ஒரு தடவை கேட்டாச்சு. பீன்ஸ் நறுக்கிண்டு. அவசியம் எழலைன்னேள். சரி, எழறப்போ நீங்களாச் சொல்வேள்னு காத்துண்டிருந்தேன். தினம் எட்டு மணிக்கு."

ஜெயராம் மேஜைமேல் இருந்த டர்னிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தை எங்கே தொடங்குவது என்று ஒரு நிமிடம் தேடினார். பிறகு எங்கேயோ தொடங்கிவிட்டார்.

"நான் படியில விழுந்தேன். நாப்பது நிமிஷம் அங்கேயே இருந்தேன். எனக்கு யாரையும் கூப்பிடத் தெரியலை. எனக்கு இங்கே தனியா இருக்க முடியலை விசாலம். நீ வரணும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "இதைச் சொல்ல ஆறு மாசம்," என்றாள். "போய் ரெண்டு அப்பளமாவது சுட்டு மோர்சாதம் சாப்பிடுங்கோ. நாளன்னிக்கு ராஜ்தானியில ஏறிடறேன்."

அந்த வாரமே மருத்துவமனைக்குப் போனார்கள். மார்கரெட் நிரப்பிய படிவத்தில், கடைசிக் கட்டத்தில் விசாலாக்ஷி தன் முழுப்பெயரை எழுதினாள். விரல் நீளக் கட்டத்தில் அது அடங்காமல் வெளியே போயிற்று. கவுன்ட்டரில் கம்ப்யூட்டர் புதிய முறிவை மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது.

நீலப் பலகையருகே ராஜகோபால் எதிரே வந்தார். விஷயம் தெரிந்து ஜெயராமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "புது அட்மிஷனா? பேஷ்! பழைய முறிவு எங்க கணக்குல சேர்ந்தாச்சு. இதுவும் ஆறு மாசத்துல சேர்ந்துடும். ஒரே காலுக்கு ரெண்டு இணைவு! உங்களை மாதிரி பேஷன்ட்தான் சார் இந்த நிறுவனத்துக்கு முதுகெலும்பு." விசாலாக்ஷிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

"யாரு இவர்?" என்றாள்.

"நம்ம கும்பகோணம்."

"பாத்தாலே தெரியறது."

அட்மிஷன் படத்துக்கு வெள்ளைச் சுவர் எதிரே நிற்கவேண்டும். ஜெயராம் வாக்கரை நகர்த்தி வைத்தார். உடல் ஒரு பக்கம் சாய்ந்தது. விசாலாக்ஷி பையைத் தரையில் போட்டுவிட்டு வந்து, அவர் அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் மெலிந்திருந்தாள். கை மட்டும் முன்போலவே இருந்தது.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். அதே ஆள்தான். "மேடம்ஜி, ஹாத் ஹடாயியே. கை தெரியக் கூடாது, ரூல்."

அவள் எடுக்கப் போனாள். ஜெயராம் தன் முழங்கையை இறுக்கி, அந்தக் கையை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

"கை இருக்கட்டும்," என்றார். "நான்தான் வரச் சொன்னேன்."